டிரையர் குழாயும் எண்ணெய் டவலும்: பார்லர், ஸ்பா நடத்துகிறவர்களுக்கு

கோபிசெட்டிபாளையத்தில் பியூட்டி பார்லரோ ஸ்பாவோ நடத்துகிறவர்களுக்கு வருஷத்தில் பாதிக்கு மேல் டிரையரின் நினைப்பே வராது. மொட்டை மாடியில் கொடி கட்டி விரித்துப் போட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் டவல் மொடமொடவென்று காய்ந்துவிடும். ஐப்பசி பிறந்தால் நிலைமை மாறிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். கொடிவேரியிலிருந்து வரும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர் இது. மழை விட்ட நாளிலும் காற்றில் ஈரம் நிற்கும். அந்த மாதங்களில்தான் தீபாவளிக் கூட்டமும் முகூர்த்தக் கூட்டமும் சேர்ந்து வருகின்றன. டவல் இரண்டு மடங்கு செலவாகும், வெயில் இருக்காது. மாதக்கணக்கில் மூலையில் சும்மா நின்ற டிரையர் காலையில் தொடங்கி இரவு ஷட்டரை இறக்கும்வரை ஓடும்.

ஆபத்து இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ எழுதப்பட்ட பராமரிப்புக் குறிப்புகள் வருஷம் முழுக்க ஓடும் இயந்திரத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர் டிரையர் அப்படி ஓடுவதில்லை. அது சும்மா நிற்கும் மாதங்களில் வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டும், அணில் தேங்காய் நாரைக் கொண்டுவந்து அடைக்கும், சிட்டுக்குருவி வைக்கோலைச் செருகும். போன பருவத்தில் தங்கிய பஞ்சுத் தூசியும் உள்ளேயே கிடக்கும். மழைக்காலத்து முதல் நாள் சுவிட்சைப் போடும்போது இத்தனையும் குழாய்க்குள் இருக்கின்றன. ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் அழுத்திச் சொல்ல வருவது இரண்டு: மழைக்கு முன் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும், எண்ணெய் பட்ட டவலை மற்ற டவலோடு சேர்க்கக் கூடாது.

பஞ்சுத் தூசி

கொங்கு நாட்டுக்காரர்களுக்குப் பஞ்சுத் தூசியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1888இல் கோவையில் முதல் நூற்பாலை வந்ததிலிருந்து இந்தப் பக்கத்தில் மில் வேலைக்குப் போகாத குடும்பம் அபூர்வம். ஸ்பின்னிங் மெஷின்களுக்கு மேலே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டே பஞ்சை ஊதியும் உறிஞ்சியும் எடுக்கும் கிளீனரை மில்லில் வேலை பார்த்த யாரும் மறக்க மாட்டார்கள். பஞ்சு படிந்த இடத்தில் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்று மில்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் அங்கே சுத்தம் செய்வதற்கென்றே ஆளும் இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். பார்லர் டிரையரில் இருப்பதும் அதே பஞ்சுதான். டவல் உருளும்போது உதிரும் பருத்தி இழை அது. மில்லில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் படிகிறது, டிரையரிலோ தெரியாத இடத்தில் படிகிறது.

பார்லர் பஞ்சில் இன்னொன்றும் கலந்திருக்கிறது. ஓட்டம் முடிந்து டிரையரின் பில்டரை வெளியே இழுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். வீட்டு டிரையரில் சாம்பல் நிறத்தில் மெத்தென்ற ஒரு ஏடு வரும், விரலால் வழித்தால் உரிந்துவிடும். பார்லர் டிரையரில் அந்த ஏடு அப்படி உரியாது. வெட்டிய முடி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, பஞ்சைக் கம்பளி மாதிரி இறுக்கி வைத்திருக்கும். சின்ன முடித்துண்டுகள் சல்லடைக் கண்களில் குத்திட்டு நிற்கும். கையால் வழித்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று திரும்பச் செருகினால் பாதிக் கண்கள் அடைந்தே இருக்கும். பழைய டூத் பிரஷால் இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றுகிறவர்கள் பில்டரைக் குழாயடியில் காட்டிப் பார்க்கவும். தண்ணீர் ஒழுகாமல் மேலேயே தேங்கி நின்றால் சல்லடையில் மெழுகுப் படலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். சோப்பு போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்துப் போடுங்கள். ஈர பில்டரைப் போட்டு ஓட்டாதீர்கள், பில்டரே இல்லாமலும் ஓட்டாதீர்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னால் பில்டர் சுத்தமாக வேண்டும். நாளைக்கு ஒரு தரம் என்பது போதாது.

இயந்திரம் எப்படிச் சூடாகிறது

அறையிலிருக்கும் காற்றை டிரையர் உள்ளே இழுக்கிறது. சூடேறும் காயிலின் வழியாக அதை அனுப்பி, உருளும் துணிக்குள் விடுகிறது. ஈரத்தை வாங்கிக்கொண்ட அந்தக் காற்று பில்டரைத் தாண்டிப் பின்பக்கக் குழாய் வழியாக வெளியேறுகிறது. சூட்டை வெளியே கொண்டுபோவது இந்தக் காற்றோட்டம்தான். குழாய் அடைத்தால் காற்று குறையும், காயிலின் சூடு உள்ளேயே தங்கும், துணி காய நேரம் இழுக்கும். பில்டரைத் தாண்டிய பஞ்சும் வெளியே போக முடியாமல் இயந்திரத்தின் அடியிலும் காயிலின் பக்கத்திலும் படியத் தொடங்கும். அப்புறம் ஒரு பொறி போதும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகத்தின் கணக்குப்படி 2008 முதல் 2010 வரை அந்நாட்டு வீடுகளில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடந்தன. ஆண்டுக்கு 5 பேர் இறந்தார்கள், 100 பேர் காயப்பட்டார்கள். காரணங்களில் முதலில் நின்றது சுத்தம் செய்யாமல் விட்டதுதான், 34 சதவீதம். இயந்திரக் கோளாறை விட அதிகம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பின்பக்கக் குழாய் இல்லாத கண்டென்சர் டிரையர் வாங்கிவிட்டோம், இனி பயமில்லை என்று நினைப்பவர்களுக்கு லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 2016 ஆகஸ்ட் 19ஆம் தேதி நடந்ததைச் சொல்ல வேண்டும். 18 மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டிலிருந்த இன்டெசிட் டிரையரில் தீப்பிடித்து மேல்மாடிகளுக்கு ஏறியது. பஞ்சு சூட்டுக் காயிலைத் தொடக்கூடும் என்ற குறை அந்த வகை டிரையர்களில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. பழுதுபார்க்கும்வரை ஆள் பக்கத்திலிருந்தபடி ஓட்டலாம் என்றுதான் வாங்கியவர்களுக்கு முதலில் சொல்லியிருந்தார்கள். 2017இல் அந்த அறிவுரை மாறியது, பிளக்கையே பிடுங்கிவிடச் சொன்னார்கள். 2019இல் சுமார் 5 லட்சம் டிரையர்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. கண்டென்சர் டிரையரில் குழாய்க்குப் பதிலாகக் கீழே கண்டென்சர் பெட்டி இருக்கும். அதை மாதம் ஒருமுறை இழுத்துத் தண்ணீரில் அலசுங்கள்.

அடைப்பை டிரையரே முன்கூட்டிச் சொல்லிவிடும். கேட்கத்தான் ஆளில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் எந்தப் பார்லரிலும் இந்தப் பேச்சு காதில் விழும்: "அக்கா, ரெண்டு தரம் ஓட்டியும் டவலு நசநசன்னே இருக்குதுங்க." "இன்னொரு தரம் போட்டு உடு கண்ணு." அந்தப் பெண் சொன்னது எச்சரிக்கை. நாற்பது நிமிஷத்தில் காய்ந்த துணி ஒன்றரை மணி நேரம் கேட்கிறதென்றால் மூன்றாவது தரம் ஓட்டக் கூடாது. நிறுத்திவிட்டுக் குழாயைப் பார்க்க வேண்டும். டிரையரின் மேல்தகடு கை வைக்க முடியாமல் சுடுவது, அறையில் புழுக்கம் ஏறுவது, கருகிய பஞ்சு வாடை வருவது, ஓடும்போது வெளிச்சுவர்க் குழாய் வாயில் கை நீட்டினால் காற்று மந்தமாக வருவது, அங்கிருக்கும் மூடி தூக்காமல் கிடப்பது ஆகியவையும் அதே செய்திதான். வேலைக்கு இருக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் சொன்னால் அன்றைக்கே கவனியுங்கள்.

எண்ணெய் டவல்

வீட்டு டிரையருக்கும் ஸ்பா டிரையருக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் எண்ணெய். பொறியும் வேண்டாம், மின்கசிவும் வேண்டாம், எண்ணெய் ஊறிய துணி தானாகவே தீப்பிடிக்கும். பலர் இதை நம்புவதில்லை. 1991 பிப்ரவரி 23ஆம் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. 22ஆவது மாடியில் மரவேலை செய்தவர்கள் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் துணிக் குவியல் தானே சூடேறிப் பற்றியது. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். 30ஆவது மாடியில் தண்ணீர் தெளிப்பான்கள் இருந்ததால்தான் தீ அதற்கு மேல் ஏறவில்லை.

காரணம் எளிது. சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது சூட்டை வெளியிடுகின்றன. ஒரு சொட்டு எண்ணெய் கண்ணாடித் தட்டில் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அதே எண்ணெய் பருத்தி இழைகளில் பரவி ஊறினால் காற்றுப்படும் பரப்பு பல மடங்காகிறது. அந்த டவல்களை மடித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவிலிருக்கும் சூட்டுக்குப் போக வழியில்லை. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக ஆக்சிஜனோடு சேரும், சூடு மேலும் ஏறும். டிரையரிலிருந்து எடுத்த சூட்டோடு அடுக்கினால் இந்த ஓட்டத்தைப் பாதி வழியிலிருந்து நாமே தொடங்கி வைத்தது போலாகும். ராத்திரி எட்டரைக்கு அடுக்கி வைத்து ஷட்டரை இறக்கிவிட்டுப் போனால், யாரும் இல்லாத நடுச்சாமத்தில் அது பற்றலாம்.

எந்த எண்ணெய் எவ்வளவு ஆபத்து என்பதற்கு அயோடின் எண் என்றொரு அளவு உண்டு. எண் கூடினால் தானே சூடேறும் குணமும் கூடும். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். சூரியகாந்திக்கு 120க்கு மேல் போகும். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை. பாதாம் எண்ணெய் நூறை ஒட்டியும், விளக்கெண்ணெய் எண்பதுகளிலும் நிற்கும். தேங்காய் எண்ணெய்க்கு 6 முதல் 11 வரைதான். ஆகவே தேங்காய் எண்ணெய் மட்டும் தேய்க்கிற இடத்தில் இந்தக் குறிப்பிட்ட ஆபத்து குறைவு, ஆனால் தீப்பட்டால் அதுவும் எரியும். நம் ஸ்பாக்களிலும் ஆயுர்வேத நிலையங்களிலும் புழங்கும் தைலங்களில் பெரும்பாலானவற்றுக்கு நல்லெண்ணெய்தான் அடி. தலைக்கும் உடம்புக்கும் இவ்வளவு நல்லது செய்கிற எண்ணெய் துணியில் தங்கினால் ஆபத்து என்பது ஏற்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் வேதியியல் அதுதான்.

துவைத்துவிட்டால் எண்ணெய் போய்விடும்தானே என்று கேட்பீர்கள். பச்சைத் தண்ணீரில் போகாது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பு நுரைக்கவே நுரைக்காது, எண்ணெய் அப்படியே இழையில் தங்கிவிடும். முடிந்தால் ஆற்றுத் தண்ணீர் வரும் நேரத்தில் இந்தத் துவைப்பை வைத்துக்கொள்ளுங்கள். 60 டிகிரி சூட்டில், வழக்கத்தை விடக் கூடுதலாகத் துவைப்புத் தூள் போட்டு, இரண்டு தரம் அலச வேண்டும். துவைத்த டவலை மூக்கருகில் வைத்துப் பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. வெள்ளை டவலில் மஞ்சள் திட்டு தெரிந்தாலும், காய்ந்த பின் தொட்டால் பிசுக்கு ஒட்டினாலும் அதே கதை. இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகும் வாடை போகாத டவலைக் கழித்துவிடுங்கள். நூற்றைம்பது ரூபாய் டவலுக்குக் கடையைப் பணயம் வைக்க வேண்டாம்.

என் தீர்ப்பு இன்னும் கடுமையானது. எண்ணெய் மசாஜுக்குப் பயன்படும் டவல் டிரையருக்கே போக வேண்டாம். அதற்கென்று அரக்கு நிறத்திலோ கரும்பச்சையிலோ தனி டவல் வாங்கி வையுங்கள். நிறத்தைப் பார்த்தாலே யாருக்கும் தெரிய வேண்டும். மழைக்காலத்தில் அவற்றை அறைக்குள் கொடி கட்டி, விரித்துப் போட்டு, மின்விசிறிக் காற்றில் காய வையுங்கள். ஒரு நாள் கூடுதலாகும், அதற்கேற்ப டவல் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ளுங்கள். துவைக்கும்வரை அழுக்கு எண்ணெய் டவலைப் பிளாஸ்டிக் கூடையிலோ அட்டைப் பெட்டியிலோ குவிக்கக் கூடாது. மூடி இறுக்கமாக விழும் தகர டிரம்மோ எவர்சில்வர் டிரம்மோ வேண்டும். மூடியிருந்தால் காற்று குறையும், பற்றினாலும் தீ வெளியே வராது. அதையும் அன்றன்றைக்கே துவைத்துவிட வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

மற்ற டவல்களுக்கும் ஒரு பழக்கம் அவசியம். டிரையரின் கடைசிப் பத்து நிமிஷம் சூடில்லாத காற்றில் ஓடும். நேரமில்லை என்று நடுவில் நிறுத்தி எடுப்பது எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்தக் கடைசி ஓட்டம் துணியைக் குளிர வைப்பதற்காகவே வைக்கப்பட்டது. அதை முடிய விடுங்கள். எடுத்ததும் உதறி, ஒவ்வொன்றாக விரித்து, கை வைத்தால் குளிர்ந்திருக்கிறது என்றான பிறகு மடித்து அடுக்குங்கள். கரண்ட் நடுவில் போய்விட்டால் சூட்டோடு உள்ளே கிடக்கும் துணியை உடனே வெளியே எடுத்து விரித்துவிடுங்கள்.

நெயில் பாலிஷ் துடைத்த துணி, ஸ்பிரிட் பட்ட துணி, வேக்ஸ் ஒட்டிய துணி எதுவும் டிரையருக்குள் போகக் கூடாது. பாலிஷ் ரிமூவரில் இருக்கும் அசிட்டோன், உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடியது.

குழாய் போகும் வழி

கோபியில் பெரும்பாலான பார்லர்கள் காம்ப்ளக்ஸ் கடைகளில் இருக்கின்றன. முன்னால் கண்ணாடிக் கதவு, பின்னால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். டிரையர் பின்கட்டில் கழிவறை ஓரமாக நிற்கும். குழாயை எங்கே விடுவது என்று தெரியாமல், பி.வி.சி. பால்ஸ் சீலிங்கில் ஒரு ஓட்டை போட்டு மேலே செருகிவிடுவதை நிறையக் கடைகளில் காணலாம். கீழே பார்க்கச் சுத்தமாக இருக்கும். மேலேயோ ஈரக்காற்றும் பஞ்சும் சீலிங்குக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும், அதன் நடுவே கடையின் மொத்த வயரிங்கும் ஓடும். இதை விட மோசமான ஏற்பாடு கிடையாது. உங்கள் கடையில் அப்படி இருந்தால் இந்த அத்தியாயத்தை முடித்த கையோடு ஆளைக் கூப்பிடுங்கள். குழாய் கட்டடத்துக்கு வெளியேதான் முடிய வேண்டும், பக்கத்துக் கடை ஜன்னலிலிருந்து மூன்றடியாவது தள்ளி.

டிரையரோடு வரும் சுருள் பிளாஸ்டிக் ஹோஸ் தற்காலிகத்துக்குத்தான் ஆகும். அதன் ஒவ்வொரு மடிப்பிலும் பஞ்சு தங்கும், தீப்பட்டால் உருகும். நான்கு அங்குல ஜி.ஐ. குழாயோ அலுமினியக் குழாயோ போடுங்கள். உட்புறம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். இணைக்கும் இடங்களில் ஸ்குரூ அடித்தால் முனை உள்ளே நீட்டும், அதில் பஞ்சு மாட்டும். கிளாம்பும் அலுமினிய டேப்பும் போதும். துணி டேப் சூட்டில் விட்டுவிடும். நீளம் குறைவாக இருந்தால் நல்லது. அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் அதிகபட்சம் 35 அடி. ஒவ்வொரு எல்போ வளைவுக்கும் அதில் 5 அடி கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் கடைகளில் ஒன்றிரண்டு வளைவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என் யோசனை. வெளிவாயில் குருவி வராமலிருக்கக் கொசுவலைக் கம்பி கட்டுவார்கள். கட்டாதீர்கள், இரண்டே வாரத்தில் பஞ்சு அதை மூடிவிடும். காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் பிளாப் மூடி கடையில் கிடைக்கும். எரிவாயுவில் சூடாகும் பெரிய டிரையர் வைத்திருக்கும் ஸ்பாக்களில் குழாய் அடைத்தால் தீயோடு கார்பன் மோனாக்சைடு நச்சும் சேரும். அதற்கு வாடை கிடையாது.

சுத்தம் செய்வது அரை நாள் வேலை. முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இயந்திரம் ஆறும்வரை விடுங்கள். எரிவாயு டிரையரை நீங்களே நகர்த்தக் கூடாது, அதற்கு ஆள் வர வேண்டும். டிரையரை முன்னால் இழுத்துக் கிளாம்பைத் தளர்த்திக் குழாயைக் கழற்றுங்கள். நீளக் கம்பியில் பொருத்திய வட்டப் பிரஷை உள்ளே விட்டு, ஒரே திசையில் சுற்றியபடி வெளிவாய்வரை தள்ளுங்கள். வருவதைப் பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். பிறகு இரண்டு முனையிலிருந்தும் வேக்குவம் போட்டு உறிஞ்சுங்கள். டிரையருக்குப் பின்னால் தரையிலும் சுவரிலும் படிந்ததையும், பில்டர் உட்காரும் பள்ளத்தையும் விடாதீர்கள். திரும்ப மாட்டிய பிறகு வெறும் டிரையரை ஓட்டி, வெளிவாயில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். அது படபடத்துத் தள்ளிப் போக வேண்டும். மழைக்காலத்தில் தினமும் ஓட்டுகிறவர்கள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, மற்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். இயந்திரத்தைத் திறந்து உட்புறம் சுத்தம் செய்வது வருஷம் ஒருமுறை, மெக்கானிக் கையால்.

மெக்கானிக் வந்தால் பக்கத்தில் நில்லுங்கள். டிரையருக்குள் தெர்மல் பியூஸ் என்றொரு சின்னப் பொருள் இருக்கிறது. சூடு எல்லை மீறினால் அது அறுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். குழாய் அடைத்த டிரையரில் அது அடிக்கடி போகும். வேறு பியூஸ் கிடைக்கவில்லை என்று இரண்டு வயரையும் முறுக்கி 'டைரக்ட்' கொடுத்துவிட்டுப் போகிற பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. டிரையர் ஓடும், நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுப்பீர்கள். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து உங்கள் இயந்திரத்தை நிறுத்த எதுவும் இல்லை. அசல் பியூஸ் வர இரண்டு நாள் ஆனால் இரண்டு நாள் டிரையர் சும்மா நிற்கட்டும். பியூஸ் ஏன் போனது என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். பதில் பெரும்பாலும் குழாயில் இருக்கும்.

மின் இணைப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2,500 வாட் டிரையர் 230 வோல்ட்டில் சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பவர் பிளக், தனி எம்.சி.பி., குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டிரையரையும் ஸ்டீமரையும் சேர்த்து மாட்டக் கூடாது. பிளக் தொட்டால் சுட்டாலோ அதன் முள் கறுத்திருந்தாலோ அன்றைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஹேர் டிரையரையும் மறக்க வேண்டாம். அதன் பின்பக்க வலையிலும் இதே பஞ்சும் முடியும்தான் அடைக்கின்றன. வாரம் ஒருமுறை கழற்றிப் பிரஷால் தட்டுங்கள்.

தீ வந்துவிட்டால்

டிரையரின் கதவைத் திறக்காதீர்கள். உள்ளே புகை தெரிந்தால் துணியைக் காப்பாற்றக் கை தானாகக் கதவுக்குப் போகும். திறந்தால் காற்று புகுந்து புகை தீயாகும். மெயினை அணையுங்கள், வாடிக்கையாளர்களை வெளியேற்றுங்கள், 101 அல்லது 112க்குப் போன் செய்யுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். தீ சின்னதாக இருந்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி திறந்திருந்தால் மட்டும் தீயணைப்பு சிலிண்டரை எடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர் ஒன்று பார்லருக்குப் போதும். அதை டிரையருக்குப் பக்கத்தில் மாட்டாமல் வாசலுக்குப் போகும் வழியில் மாட்டுங்கள். முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

பெண்களுக்கான பார்லர்களில் எனக்குப் பெரிய கவலை கதவு. உள்ளே தாழ்ப்பாள், கண்ணாடி முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கர், அதன்மேல் திரை, ஏ.சி. ஓடுவதால் ஜன்னல்களும் அடைப்பு. மறைவு வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் முகத்தில் பேக் போட்டுக் கண்ணை மூடிப் படுத்திருப்பவரும், தலையில் டை தடவிய பெரியம்மாவும் புகைக்குள் தடுமாறி வெளியே வர ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அதிலும் தாழ்ப்பாள். பூட்டு உள்ளிருந்து ஒரே திருப்பில் திறக்கிறதாக இருக்கட்டும். மறைவுக்கு உட்புறம் ஒரு தட்டி வைத்துக்கொள்ளலாம். பின்கதவு இருந்தால் அதன் முன் ஷாம்பு கேன்களை அடுக்காதீர்கள். கடையில் ஆளில்லாத நேரத்தில் டிரையர் ஓடக் கூடாது. டீ குடிக்கப் போகிற பத்து நிமிஷத்துக்கும் இது பொருந்தும்.

ஏப்ரல் 14 தொடங்கி ஒரு வாரம் நாடெங்கும் தீத்தொண்டு வாரம். 1944இல் அந்தத் தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற போர்ட் ஸ்டிக்கின் கப்பலில் தீப்பற்றியது. அதில் ஆயிரக்கணக்கான பஞ்சு மூட்டைகளும் வெடிமருந்தும் சேர்த்து ஏற்றப்பட்டிருந்தன. வெடித்தபோது தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். அப்போது தீயணைப்பு நிலையங்கள் செயல்விளக்கம் நடத்துவது வழக்கம். உங்கள் கடைப் பெண்களை ஒரு மணி நேரம் அனுப்பி வையுங்கள். சிலிண்டரின் பின்னை இழுத்துத் தீயின் அடியில் பீய்ச்சுவதைக் கையால் ஒருமுறை செய்து பழகியவருக்குத்தான் பதற்றத்தில் அது வரும்.

வருடாந்திர வேலைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் குறித்திருக்கிறது. ஆயுத பூஜைக்குக் கத்தரிக்கோல் முதல் ஸ்டீமர் வரை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அது முடிந்த சில வாரங்களில் மழை, அதோடு தீபாவளி. டிரையரின் வெளித்தகட்டைப் பளபளவென்று துடைத்துப் பொட்டு வைத்துவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். இந்த வருஷம் பூஜைக்கு ஒரு வாரம் முன்னதாகவே மெக்கானிக்குக்குச் சொல்லி வையுங்கள், அந்த வாரத்தில் அவர்களுக்கும் வேலை நெருக்கும். டிரையரை முன்னால் இழுத்து, குழாயைக் கழற்றி, பிரஷ் விட்டு, தெர்மல் பியூஸ் அசலாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் பொட்டு வையுங்கள்.